ஒத்திகை அக்காவும் ஒரு வெற்று வரியும்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் பேச எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, காதை எனக்கும் கண்ணைத் திரைக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கும் மூத்த பங்களிப்பாளர்களே! பிழை இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டே ஆண்டுகளை ஓட்டிய அனுபவச் செம்மல்களே! 'என் பிள்ளை ஏதோ சம்பளமில்லாத வேலைக்கு ஓடி ஓடிப் போகிறதே, என்னதான் அங்கே நடக்கிறது' என்று நேரில் பார்த்துவிட வந்திருக்கும் தாய்மார்களே! 'ஒரு மணி நேரம்தான், வந்துவிடலாம்' என்று ஏமாற்றி அழைத்துவரப்பட்ட மனைவிமார்களே, கணவன்மார்களே! சாப்பாட்டுக் கூடம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே விசாரித்துவிட்ட தெளிந்த சிந்தனையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான்காவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம். யார் அவர் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். நானே சொல்கிறேன்.

சற்று முன் எனக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். பளபளக்கிறது. 'ஆண்டின் தலைசிறந்த அம்சம்' என்று பொறித்திருக்கிறார்கள். வாங்கும்போது சிரித்தேன், படமும் எடுத்தார்கள். அந்தச் சிரிப்பு பொய். ஏன் பொய் என்று சொல்வதற்காகத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில், தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்களுக்காக ஒரு விளக்கம். நாம் கொண்டாடும் இந்த மென்பொருளுக்கு ஏவலாள் என்று பெயர். ஒரு நிறுவனத்தில் இருநூறு கணினிகள் இருந்தால் இருநூறு நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் வேலை செய்ய வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்து ஆணையிட்டால் போதும். அத்தனையையும் ஏவலாள் செய்து முடிக்கும். இது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எவ்வளவு உயர்ந்த கொள்கை! எவ்வளவு உன்னதமான நோக்கம்! யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், யாருமே திருத்துவதில்லை!

என்ன, முன்வரிசையில் முணுமுணுப்பு? திருத்துகிறோம் என்கிறீர்களா? சரி ஐயா, கணக்குப் பார்ப்போம். சென்ற ஆண்டு என்னென்ன செய்தோம்? வேலை முடிந்தால் திரையில் ஒரு சேவல் வந்து கூவ வேண்டும் என்றார் ஒருவர். வந்தது சேவல். சேவலின் கொண்டை சிவப்பாக இல்லையே என்றார் இன்னொருவர். சிவந்தது கொண்டை. கொண்டையின் சிவப்பு கருப்புத் திரையில் கண்ணை உறுத்துகிறது என்று நாற்பது பேர் கூடி, நான்கு வாரம் வாதாடி, நால்வர் கோபித்துக்கொண்டு வெளியேறி, கடைசியில் இளஞ்சிவப்பு என்று முடிவு செய்தோம். வரலாற்றில் எந்தக் கோழிப்பண்ணையிலும் ஒரு சேவலுக்கு இவ்வளவு கவனிப்பு கிடைத்திருக்காது!

பிழைகள்? அவற்றுக்கும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோமே. கதவடைப்பான்! தாய்மார்களே, அது மனிதன் அல்ல, தானியங்கி. ஒருவர் நம் இணையப் பக்கத்தில் பிழை ஒன்றை எழுதிப் போடுகிறார். தொண்ணூறு நாள் யாரும் பதில் எழுதாவிட்டால் கதவடைப்பான் வரும். 'நெடுநாளாக இங்கே பேச்சில்லை. ஆகவே மூடுகிறேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று எழுதிவிட்டுப் போகும். பிழை போய்விட்டதா? போகவில்லை. பிழையைப் பற்றிய பேச்சுதான் போனது. நோயாளி வலிக்கிறது என்கிறார். மருத்துவர் தொண்ணூறு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஆள் அனுப்பி, 'நெடுநாளாக முனகல் கேட்கவில்லை, குணமாகிவிட்டீர்கள்' என்று சீட்டுக் கொடுக்கிறார். இதுதான் ஐயா நம் வைத்தியம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தக் கதவடைப்பான் வேண்டும் என்று கையைத் தூக்கி வாக்களித்தவர்களில் நானும் ஒருவன்.

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக் குளியலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது. சொட்டு, சொட்டு, சொட்டு. என் மனைவி மூன்று வாரம் சொன்னார். நான் சும்மா இருந்தேனா? நான் பொறியாளன் அல்லவா? சொட்டுகளை எண்ணும் ஒரு சின்னக் கருவி வாங்கி வந்து, குழாய்க்கு அடியில் மாட்டி, எத்தனை சொட்டு விழுந்தது என்று ஃபோனில் தெரியும்படி செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றேன். அவர் ஃபோனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏங்க, குழாய் ஒழுகுதுன்னுதானே சொன்னேன்? எத்தனை சொட்டு ஒழுகுதுன்னு நான் கேட்டேனா?"

"இல்லம்மா, இது ஒரு புது வசதி..."

"வசதியா? ஒரு வாஷர் மாத்தத் துப்பில்ல. இதுல ஆபீஸ்ல இவருக்குப் பேரு பெரிய ரிப்பேர்காரராம்!"

அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். இப்போது எல்லோரும் கைதட்டியதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சிதான், வீடு போய்ச் சேரும்வரை.

அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை தோழர்களே, நம் எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டினார். ஒழுகலை அடைப்பவனுக்குக் கோப்பை உண்டா? இல்லை. ஒழுகலை எண்ணுபவனுக்குக் கோப்பை உண்டு. உடைந்ததை ஒட்டுபவனுக்கு மேடை உண்டா? இல்லை. உடைந்ததற்கு வண்ணம் பூசுபவனுக்கு மேடையும் உண்டு, மாலை நேரத்துச் சொற்பொழிவும் உண்டு. அதற்கு வாழும் சான்று, இதோ நிற்கிறேனே, நான்தான்!

இப்போது நான்காவது வரிசைக்கு வருகிறேன்.

அந்த அம்மையார் ஒரு மருத்துவமனையில் கணினிப் பொறுப்பாளராக இருந்தவர். இருநூற்றுப் பன்னிரண்டு கணினிகள். பதிவு மேசை, ரத்தப் பரிசோதனைக்கூடம், மருந்தகம், எக்ஸ்ரே அறை, டோக்கன் எண் காட்டும் பலகை எல்லாம் அவர் கையில். அங்கே அவருக்கு 'ஒத்திகை அக்கா' என்று பட்டப்பெயர். ஏன் தெரியுமா? நம் ஏவலாளில் ஒத்திகை என்று ஒன்று இருக்கிறது. நிஜமாக எதையும் செய்யாமல், செய்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறோம்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஆறு... ஏழு. தலைவர் பாதிக் கை தூக்கியிருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்வோம். அந்த அம்மையாரோ ஒரு பிரிண்டரை மாற்றுவதற்குக்கூட ஒத்திகை பார்ப்பவர். கேலி செய்தால், "நோயாளிங்க இருக்கிற இடம், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?" என்பாராம்.

அந்த ஒத்திகையில்தான் நான் கை வைத்தேன். ஒத்திகை பார்க்கும்போதே 'நிஜமாகச் செய்தால் இவ்வளவு நேரம் ஆகும்' என்று சொன்னால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு சனி, ஞாயிறில் எழுதி முடித்தேன். பாராட்டுகள் பறந்து வந்தன. இந்தக் கோப்பை அதற்குத்தான். அந்த அழகான அம்சத்துக்குள் ஓர் ஓட்டை இருந்தது. எந்தக் கணினிகளில் வேலை நடக்க வேண்டும் என்று ஏவலாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்போம். அந்தப் பட்டியலின் கடைசியில் தெரியாமல் ஒரு வெற்று வரி இருந்துவிட்டால், என் அம்சம் இரண்டு காரியம் செய்யும். வெற்று வரி என்றால் எல்லாக் கணினியும் என்று எடுத்துக்கொள்ளும். இது ஒத்திகை என்பதையும் மறந்துவிடும். ஒன்றுமே எழுதாத இடத்தை எல்லாமே என்று படித்த மேதை ஐயா என் நிரல்!

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால். வெளிநோயாளிகள் நிரம்பி வழியும் நேரம். ஒத்திகை அக்கா ஒரே ஒரு கணினியை மறுதொடக்கம் செய்ய ஒத்திகை பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே மூச்சில் அணைந்தன. டோக்கன் பலகை இருண்டது. மருந்தகத்தில் எந்த மருந்து யாருக்கு என்று தெரியாமல், காகிதத்தை எடுத்துப் பெயர் சொல்லிக் கூவினார்கள். பரிசோதனைக்கூடத்தில் பாதியில் நின்ற முடிவுகள் காணாமல் போயின. "இப்பத்தானே குத்துனீங்க, மறுபடியுமா?" என்று கையை நீட்ட மறுத்தவர்கள் முப்பத்தொரு பேர். யாருடைய உயிருக்கும் ஆபத்து நேரவில்லை. அது நம் திறமை இல்லை, அதிர்ஷ்டம்.

நிர்வாகம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. "ஒத்திகைதாங்க பார்த்தேன்" என்றார். நம் கையேட்டைத் திறந்தார்கள். 'ஒத்திகை எந்தக் கணினியையும் தொடாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எழுதிய புண்ணியவான் யார்? நான்தான். 'அப்படியானால் நீ ஒத்திகை பார்க்கவில்லை, பொய் சொல்கிறாய்' என்று அன்றைக்கே அவரைக் கணினி அறையை விட்டு வெளியே எடுத்து, பிரிண்டருக்குக் காகிதம் போடும் வேலையில் வைத்தார்கள். பதினோரு மாதமாக அந்த வேலைதான்.

இதில் இன்னொரு கொடுமையைக் கவனித்தீர்களா? ஒத்திகை பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுகிறவனுக்கு இந்தப் பிழை வரவே வராது! கவனமானவரைத் தேடிப் பிடித்து, கவனமாக இருந்ததற்காகவே காலை வாரிவிடும் பிழை இது. இப்படி ஒரு பிழையைத் திட்டம் போட்டு எழுதச் சொன்னாலும் என்னால் எழுதியிருக்க முடியாது.

அவர் என்ன செய்தார்? நம் இணையப் பக்கத்தில் வந்து எழுதினார். எந்தப் பதிப்பு, என்ன பட்டியல், எத்தனையாவது வரி என்று பொறுமையாக எழுதினார். நான் என்ன செய்தேன்? நான்கே சொல்லில் பதில் போட்டேன். 'என் கணினியில் சரியாகவே ஓடுகிறது.' போட்டுவிட்டு, 'பிழை அல்ல' என்று ஒரு முத்திரையும் குத்திவிட்டுச் சேவலின் கொண்டையைப் பார்க்கப் போய்விட்டேன்.

தொண்ணூறு நாளில் கதவடைப்பான் வந்தது, மூடியது. அவர் திறந்து, 'இன்னும் இருக்கிறது' என்று எழுதினார். மறுபடியும் தொண்ணூறு நாள், மறுபடியும் மூடல், மறுபடியும் 'இன்னும் இருக்கிறது'. மூன்றாம் முறை திறந்தபோது, அவரே நம் நிரலைப் படித்து, ஒரே ஒரு வரி திருத்தமும் எழுதி அனுப்பினார். ஒரே ஒரு வரி! அதற்கு நாம் எழுதிய கருத்துகள் நாற்பத்தொன்று. ஒருவர், வரியின் முன்னால் இரண்டு இடைவெளி போதாது, நான்கு வேண்டும் என்றார். ஒருவர், அந்த வரிக்குள் வைத்த பெயர் நீளமாக இருக்கிறது, சுருக்குங்கள் என்றார். சுருக்கினார். அடுத்தவர், பெயர் புரியவில்லை, நீட்டுங்கள் என்றார். நீட்டினார். இன்னொரு மகானுபாவர், 'வெற்று வரி எல்லாக் கணினியையும் குறிக்கும் என்பதை நம்பிச் சிலர் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம், இதைப் பிழை என்று சொல்லாமல் அம்சம் என்று அறிவித்தால் என்ன?' என்று கேட்டார். முன்வரிசையில் தலை குனிந்தவர் யார் என்று நான் பார்க்கவில்லை ஐயா, பார்க்கவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கு ஒரு ஃபோன் வந்தது.

"சார், நேரம் சொல்ற அந்த ஃபீச்சர் எழுதினது நீங்கதானே?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. "ஆமாங்க, நான்தான். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். ஒரு நிமிஷம் இருபது செகண்ட்ல எல்லாம் ஆஃப் ஆயிடும்னு சொல்லுச்சு. ஒரு நிமிஷம் இருபது செகண்ட்ல எல்லாம் ஆஃப் ஆயிடுச்சு."

அவரே தொடர்ந்தார். "உங்கமேல கோபம் இல்ல சார். நீங்க 'பிழை அல்ல'ன்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, ஃபைல்ல வச்சிருக்காங்க. கடைசி விசாரணை வருது. ஒரே ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க. கடைசில ஒரு வெற்று வரி விடுங்க. அவ்வளவுதான்."

மறுநாள் காலை என் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கணினிக்கு ஒத்திகை, கடைசியில் ஒரு வெற்று வரி. அலுவலகத்தின் பதினான்கு கணினிகளும் கண்ணை மூடின. வாடிக்கையாளருக்குப் படம் காட்டிக்கொண்டிருந்த என் மேலாளர் இருட்டிலிருந்து வெளியே வந்தார்.

"யாருய்யா என்ன பண்ணினது?"

"ஒத்திகைதான் சார் பார்த்தேன்."

"ஒத்திகையே இப்படியா? நிஜமா பண்ணினா கட்டடத்தையே இடிச்சுடுவியா?"

பதினோரு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மையார் சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் சொன்னேன். அவரை நம்பாதது போலவே என்னையும் யாரும் நம்பவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது தோழர்களே, இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

விசாரணைக் குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். தனி ஆளின் கடிதம் செல்லாது, திட்டத்தின் அதிகாரபூர்வமான பதிவு வேண்டும் என்றார்கள். சரி, அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் பதிவாகிவிடும். அதற்கு நம் விதிப்படி இரண்டு மூத்தவர்களின் ஒப்புதல் வேண்டும். ஒன்று நான், கொடுத்துவிட்டேன். இன்னொன்று... தலைவர் அவர்களே, ஏன் தண்ணீர் குடிக்கிறீர்கள்? இன்னும் நான் சொல்லவே இல்லையே!

சொல்லிவிடுகிறேன். மூன்று முறை கேட்டேன். 'விழா முடியட்டும். கோப்பை கொடுக்கும் அம்சத்திலேயே பிழை என்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்?' என்று பதில் வந்தது. இன்று சனிக்கிழமை. விசாரணை திங்கட்கிழமை காலை பதினோரு மணி. விழாவின் அழகு கெடாது, ஒருவருடைய வேலை போய்விடும். கோப்பையின் பளபளப்பு குறையாது, ஒருவருடைய பெயர் கெட்டுவிடும். சேவலுக்கு நான்கு வாரம் கொடுத்த சபையே, ஒரு மனுஷிக்கு நான்கு நிமிடம் கொடுக்க மாட்டாயா?

கைதட்டாதீர்கள். தட்டினால் தலைவர் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார். அமைதியாக அவரைப் பாருங்கள். அப்படித்தான்.

தலைவரே, உங்கள் மடிக்கணினி எதிரிலேயே இருக்கிறது. என்ன? மைக்கில் சொல்லுங்கள். "இப்பவேவா?" என்கிறார். இப்போதேதான் ஐயா. "கண்ணாடியை வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன்" என்கிறார். இதோ என் கண்ணாடி, போட்டுக்கொள்ளுங்கள். நிறைய எழுத்துப் படிக்க வேண்டியதில்லை, ஒரு வரிதான். அதற்கு நம் ஆட்கள் எழுதிய நாற்பத்தொரு கருத்தையும் தாண்டிக் கீழே வாருங்கள். ஒப்புதல் கொடுக்கும் பச்சைப் பட்டன். அதற்கு மேலே இருக்கும் சேவலைத் தொடாதீர்கள்.

தொட்டுவிட்டார்! பட்டனைத் தொட்டுவிட்டார்! இப்போது தட்டுங்கள் கையை!

திருத்தம் வேறெதையும் உடைக்கவில்லையே என்று பார்க்கும் சோதனைகள் ஓட நான்கு நிமிடம் ஆகும், பச்சை வந்தால் தேறியது. பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருங்கள், நான் பேசுகிறேன். நாம் எதற்காகக் கூடினோம்? யாருடைய கைக்கும் கட்டுப்படாத கருவி வேண்டும் என்று கூடினோம். நம் நிரலை யாரும் படிக்கலாம், நம் தவற்றை யாரும் சுட்டலாம் என்று மார்தட்டினோம். ஒருவர் படித்தார், ஒருவர் சுட்டினார், ஒருவர் திருத்தியும் கொடுத்தார். அவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தது எந்த முதலாளி? எந்த நிறுவனம்? நாம்தான்! கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று பலகை மாட்டிவிட்டு, கதவடைக்க ஓர் எந்திரத்தையும் வேலைக்கு வைத்தவர்கள் நாம்தான்! பிழை வருவது குற்றமில்லை. எழுதுகிற கை என்றால் தவறும். 'பிழை அல்ல' என்று முத்திரை குத்தினேனே, அதுதான் குற்றம். அந்த முத்திரையை என் கையாலேயே இன்றைக்கு எடுத்துவிட்டேன்.

பச்சை! எல்லாச் சோதனைகளும் பச்சை!

வெளியீட்டுப் பொறுப்பாளர் அம்மா, உட்காராதீர்கள். இன்றைக்கே புதுப் பதிப்பு. அறிவிப்பின் முதல் வரி இந்தத் திருத்தமாக இருக்கட்டும். எந்தப் பதிப்பிலிருந்து இந்தப் பிழை இருக்கிறது, யார் எழுதியதால் வந்தது என்று என்னையும் சேர்த்தே போடுங்கள். கண்டுபிடித்தவர் யார் என்பதை அவரே சொல்லட்டும். மைக்கை நான்காவது வரிசைக்குக் கொடுங்கள்.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "என் பேரைப் பெருசா போட வேணாம் சார். ஒத்திகை பார்த்தது தப்பில்லைன்னு மட்டும் போடுங்க. அது போதும்."

போடுங்கள் அம்மா. அப்படியே போடுங்கள். அவர் சொன்ன சொல் மாறாமல் போடுங்கள். பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள். மஞ்சள் கோடு நான் போட்டுத் தருகிறேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அந்த விசாரணை அறை வாசலில் நானும் நிற்பேன். என்னை உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை, அவர் தனியாகப் போகக்கூடாது.

முடிக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் பட்டனையும் பார்த்த தலைவருக்கு நன்றி. என் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தால் இரட்டை நன்றி. தலை குனிந்தவர்களுக்கு நன்றி, நிமிரும்போது நிலுவையில் இருக்கும் இன்னும் அறுநூற்று எழுபது பிழைகளைப் பாருங்கள். பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார்களுக்கு நன்றி, இனி வீட்டில் அவர்களை மிரட்ட உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. இந்தக் கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். ஒழுகுகிற இடத்துக்கு அடியில் வைக்க ஏற்றதுதான். ஆனால் என் வீட்டில் அதற்கு இனித் தேவை இருக்காது.

என் மனைவி கை காட்டுகிறார். தெரியும் அம்மா, கடை மூட இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. போகிற வழியில் வாஷர் வாங்கிவிடலாம்.

வருகிறேன், வணக்கம்!